நீ திரும்ப வாங்கிக்கொண்ட கட்டுரை

அருள்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னபோது, "சரி சாமி, சந்தோஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உங்கப்பாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். இணைப் பேராசிரியர் ஆர்டர் வந்துவிட்டது, அடுத்த மாதம் புது ஊர், புதுக் கல்லூரி, அங்கே அவசர சிகிச்சைப் பிரிவை நீதான் முதலிலிருந்து ஆரம்பித்து நடத்த வேண்டும் என்று நீ அடுக்கிக்கொண்டே போனாய். அம்மா இவ்வளவுதானா பேசினாள் என்று உனக்குத் தோன்றியிருக்கும். உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று ரொம்ப வருஷமாக என்னிடம் கிடக்கிறது. போனில் சொன்னால் நடுவில் நீ ஏதாவது கேட்பாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும். டூட்டி இல்லாத நாளாகப் பார்த்து உட்கார்ந்து படி.

உன் கட்டுரை வெளியான வருஷம் நீ கிறிஸ்துமஸுக்குக் கடத்தூருக்கு வந்தபோது அதை அச்செடுத்துக் கொண்டுவந்தாய். கிராம சுகாதார செவிலியராக முப்பது வருஷம் வீடு வீடாக நடந்தவள் நான். ஊசி தெரியும், பிரசவம் தெரியும், பாம்பு கடித்தவர்களை எத்தனையோ தரம் வண்டி ஏற்றி அனுப்பியிருக்கிறேன். ஆனாலும் அந்தத் தாள்களில் உன் பெயரைத் தவிர வேறொன்றும் எனக்குப் புரியவில்லை. நீதான் புரிய வைத்தாய். நல்ல பாம்போ கட்டுவிரியனோ கடித்தால் விஷம் நரம்பில் ஏறும், கண் இமை தொங்கும், கடைசியில் மூச்சு விடுகிற தசையே ஓய்ந்துபோகும். யாருக்கு அப்படி ஆகும், யாருக்கு ஆகாது என்று சின்ன ஆஸ்பத்திரியில் எப்படிக் கண்டுபிடிப்பது? நோயாளியை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்வது. இந்த அளவுக்கு மேல் எண்ணிவிட்டால் பயமில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் அங்கேயே வைத்துப் பார்க்கலாம். இதுதான் நீ எழுதியது. உங்கப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து எண்ணச் சொன்னாய். "மண்டியில ஏலம் உடறவனாட்டம் எண்ணச் சொல்றானே" என்று சிரித்து அவர் பாதியிலேயே மூச்சை விட்டுவிட்டார்.

அந்தக் கிறிஸ்துமஸ் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் மைக்கில் உன் பெயரைச் சொன்னார். "நம்ம பங்குப் பிள்ளை எழுதின கட்டுரையை வெளிநாட்டு டாக்டருங்க எல்லாம் எடுத்துக் காட்டறாங்க" என்றார். கோவில் நிறையக் கைதட்டல். நீ தலையைக் குனிந்துகொண்டாய், நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு வாராவாரம் உன்னிடம், "இப்ப எத்தனை ஆச்சு?" என்று கேட்கிற வழக்கம் எனக்கு வந்துவிட்டது. எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் உன்னுடையதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்கிற எண்ணிக்கை. சைட்டேஷன் என்ற வார்த்தையை ரேஷன் கடை வரிசையில்கூட நான் சொல்லியிருக்கிறேன். நீ ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே சொல்வாய். ஒரு நாள் மட்டும் சிரிக்காமல், "அம்மா, அந்த நம்பரை ரொம்ப நம்பாத. உனக்கு மாசாமாசம் டார்கெட் இருந்துச்சில்ல, அந்த மாதிரிதான் எங்களுக்கு இது. நீ என்னோடதைக் காட்டு, நான் உன்னோடதைக் காட்டறேன்னு மெயில் போடற ஆளுங்ககூட இருக்காங்க" என்றாய். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் டார்கெட் என்ற வார்த்தை எனக்குள் எங்கேயோ போய்க் குத்தியது. ஏன் என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் அந்த மத்தியானத்தை உனக்கு நினைவுபடுத்த வேண்டும். முற்றத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தேன். டூட்டி நேரத்தில் நீ கூப்பிட மாட்டாய், அன்றைக்குக் கூப்பிட்டாய். உன் குரலைக் கேட்டதுமே முறத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

"அம்மா, கட்டுரையில தப்பு இருக்கும்மா" என்றாய்.

உன்னிடம் முதுகலை படிக்கிற ஷர்மிளா தன் ஆய்வுக்காக உன் பழைய நோயாளிப் பட்டியலை எடுத்துப் பார்த்திருக்கிறாள். சில பேர் இரண்டு தரம் இருந்திருக்கிறார்கள். பாம்பு கடித்து வந்து, நன்றாக எண்ணி, நன்றாக இருக்கிறார் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் ஒரு பதிவு எண்ணில். பிறகு மூச்சுத் திணறித் திரும்பி வந்தபோது அவருக்கே புது எண். நல்லபடியாகப் போனவர்கள் கணக்கிலும் அவர் இருக்கிறார், மோசமானவர்கள் கணக்கிலும் இருக்கிறார். அதனால் நீ பயமில்லை என்று எழுதிய அளவு உண்மையில் பயப்பட வேண்டிய அளவு. அந்தப் பெண் இதை உன்னிடம் சொல்ல நாலு நாள் தயங்கினாளாம். சொன்னதும் அவளை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "முதல்ல இருந்து காட்டும்மா" என்றாயாம். இதை நீ என்னிடம் சொல்லவில்லை. உன் கல்யாணத்துக்கு வந்தபோது அவளேதான் சொன்னாள்.

நான் உன்னிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "இன்டர்வியூ எப்ப?" என்று கேட்டேன். பதவி உயர்வு நேர்காணலுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. "அதை முடிச்சுக்க சாமி. அப்புறமா மெதுவா எழுதி மாத்திக்கலாம். யார் பார்க்கப் போறாங்க?" என்றேன். உங்கள் துறைத் தலைவரும் இதையேதான் சொன்னார் என்று பிற்பாடு தெரிந்தது. அவர் உன் மேலதிகாரி. நான் உன்னைப் பெற்றவள். எனக்கு அதைவிட நல்ல வார்த்தை வந்திருக்க வேண்டும்.

அதற்கு நீ, "அந்த மூணு வாரத்துல எங்கியோ ஒரு டாக்டர் என் கட்டுரையைப் படிச்சிட்டு, நல்லா எண்ணறானே வூட்டுக்குப் போகட்டும்னு ஒருத்தனை அனுப்பிட்டா? நீயே சொல்லும்மா" என்றாய்.

நான் போனை வைத்துவிட்டேன். அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்து நீ சாயங்காலம் மறுபடி கூப்பிட்டாய். கோபம் இல்லை அருள். நீ கேட்ட அந்தக் கேள்வியை முப்பது வருஷ வேலையில் என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டுவிடுவார்களோ என்று மட்டும் ஒரு முறை பயந்திருக்கிறேன்.

உனக்கு ராணி அக்காவைத் தெரியும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தூக்குச்சட்டியில் முறுக்கும் அதிரசமும் கொண்டுவருவாளே, அவள்தான். நீ பத்தாவது படிக்கும்போது அவள் ஏழு மாதக் கர்ப்பம். அவளுடைய வீடு ஓடையைத் தாண்டி, காட்டுக்குள் தனியாக இருந்தது. மழை பெய்து ஓடையில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மாதக் கடைசி. மறுநாள் மீட்டிங். மாதத்துக்கு இத்தனை பேரைப் பார்த்திருக்க வேண்டும் என்கிற டார்கெட்டில் குறைந்தவர்களை எல்லோர் முன்னாலும் எழுப்பி நிற்க வைப்பார்கள். போன மாதம் நான் நின்றிருந்தேன், என்னைவிடச் சின்னப் பெண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு முறை நிற்க முடியாது என்று நினைத்தேன். துணை சுகாதார நிலையத்திலேயே உட்கார்ந்து, ராணியைப் பார்த்ததாகப் பதிவேட்டில் எழுதினேன். ரத்த அழுத்தம் 120/80 என்று எழுதினேன். கால் வீக்கம் இல்லை என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், உனக்குத் தெரியும். அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் அவளுக்கு வலிப்பு வந்தது. ரத்த அழுத்தம் எங்கேயோ ஏறிக் கிடந்திருக்கிறது. தருமபுரிக்குக் கொண்டு ஓடினார்கள், நானும் கூடவே ஓடினேன். அறுத்துப் பிள்ளையை எடுத்தார்கள். உள்ளங்கை அளவு குழந்தை, கண்ணாடிப் பெட்டியில் வாரக்கணக்கில் கிடந்தது. ராணிக்கு நாலு நாள் நினைவில்லை. நான் லீவு போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் என் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "நீங்க பார்த்தப்ப நார்மல்தானே, அப்புறம் திடீர்னு ஏறியிருக்கு" என்றார். "ஆமாங்க சார்" என்றேன். அந்த இரண்டு வார்த்தையோடு அது முடிந்துபோனது. ஆனால் நர்சம்மா ஆஸ்பத்திரியிலேயே கிடந்து என்னைக் காப்பாற்றினாள் என்று ராணி ஊரெல்லாம் சொன்னாள். ஞானஸ்நானத்தில் பிள்ளைக்கு என் பெயரை வைத்தாள். அந்தப் பெயரை அவள் கூப்பிடுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். உங்கப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

அதனால்தான் அன்றைக்குப் போனை வைத்தேன். நான் போன வழியையே உனக்கும் காட்டினேன், நீ அதில் கால் வைக்கவில்லை.

நீ அன்று சாயங்காலமே அந்த ஆய்விதழின் ஆசிரியருக்கு எழுதிவிட்டாய். அடுத்த மாதங்களில் நடந்ததை எனக்கு நீ பாதிதான் சொன்னாய், மீதியை நான் உன் குரலிலிருந்து எடுத்துக்கொண்டேன். கட்டுரையில் உன்னோடு பெயர் போட்டிருந்த மூத்த டாக்டர் ஒருவர் உன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவருடைய உயர்வும் அதை நம்பித்தான் இருந்தது. நேர்காணலில் உன் கட்டுரைப் பட்டியலிலிருந்து அந்த ஒரு வரியை நீயே அடித்துவிட்டுக் கொடுத்தாய். உன்னைவிட இளையவர் ஒருவர் மேலே போனார். ஒரு நாள் உங்கப்பா தன் போனில் உன் கட்டுரையைத் திறந்து, "என்னடி இது, எல்லாப் பக்கத்துலயும் சிவப்பா என்னமோ போட்டிருக்கு?" என்று காட்டினார். திரும்பப் பெறப்பட்டது என்று ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே அச்சடித்திருந்தார்கள். நான் அழுதுவிட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "பூச்சி புடிச்ச தக்காளின்னு தெரிஞ்சதும் மண்டியில இருந்து பெட்டியை அவனே திருப்பி எடுத்துட்டு வந்துட்டான். இதுக்கு எதுக்கு அழுவற?" தக்காளி போட்டு எத்தனையோ முறை நஷ்டப்பட்ட மனுஷன். அவருக்குப் புரிந்தது எனக்கு உடனே புரியவில்லை.

எனக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்தது இன்னொன்று. திரும்ப வாங்கிக்கொண்ட பிறகும் அந்தக் கட்டுரையை ஆட்கள் மேற்கோள் காட்டிக்கொண்டே இருந்தார்கள். சிவப்பு எழுத்தைப் பார்க்காமலே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள் என்றாய். எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் இருந்தது. வேறொருவனாக இருந்தால் அதையும் தன் கணக்கில் வைத்துக்கொண்டிருப்பான். நீ ஒவ்வொருவருக்கும் மெயில் அனுப்பினாய். "ஐயா, நீங்கள் எடுத்துக்காட்டிய என் கட்டுரை தவறானது, தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள்." பாதிப் பேர் பதிலே போடவில்லை. எங்கோ வெளிநாட்டில் ஒரு வயதான டாக்டர், 'என்னுடைய இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கடிதம் வந்ததில்லை' என்று எழுதியிருந்தார். அதை நீ எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாய். அன்றைக்குத்தான் நான் உன்னிடம் எத்தனை ஆச்சு என்று கேட்பதை விட்டேன்.

பிறகு நீயும் ஷர்மிளாவும் பதிவறைக்குள் போனீர்கள். பழைய கேஸ் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, பெயர், ஊர், தேதி எல்லாம் ஒத்துப்பார்த்து, மறுபடியும் முதலிலிருந்து. தூசியில் உனக்கு இருமல் வந்து, கல்யாணப் போட்டோ எல்லாவற்றிலும் கைக்குட்டையோடுதான் நிற்கிறாய். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. புதுக் கட்டுரையை முதலில் அனுப்பிய இரண்டு ஆய்விதழும் திருப்பி அனுப்பின. மூன்றாவது, சின்னதாக ஒன்று, ஏற்றுக்கொண்டது. ஷர்மிளாவின் பெயரை முதலில் போட்டு, உன் பெயரைக் கடைசியில் போட்டாய். இந்த முறை நீங்கள் சொன்னதில் ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. ஒரு தரம் நன்றாக எண்ணிவிட்டார் என்று நம்பாதே, அரை மணிக்கு ஒரு தரம் திரும்பத் திரும்ப எண்ணச் சொல், எண்ணிக்கை இறங்கினால் காத்திருக்காதே. அவ்வளவுதான். அதை யாரும் பெரிதாக எடுத்துக் காட்டவில்லை என்று நீ சாதாரணமாகச் சொன்னாய்.

சாமி, போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டு மாதேஷைப் பாம்பு கடித்தது, பிழைத்துக்கொண்டான் என்று உன்னிடம் ஒரு வரியில் சொன்னேன். முழுசையும் இப்போது கேள். அவன் குச்சிக்கிழங்குக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தான், பட்டப்பகல். நல்ல பாம்பு, அவனே பார்த்தான். காலை ஆட்டாமல் படுக்க வைத்து, யாரையும் கட்டுப்போட விடாமல் நானே வண்டியில் கூடப் போனேன். தருமபுரி ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். ஒரு சின்னப் பெண் டாக்டர் வந்து, "அண்ணா, நல்லா மூச்சை இழுத்து, ஒரே மூச்சுல எண்ணுங்க" என்றாள். அவர்கள் வீட்டில் கன்னடம்தானே. பயத்தில் மாதேஷுக்குத் தமிழே வரவில்லை. ஒந்து, எரடு, மூரு என்று எண்ணினான். அந்தப் பெண்ணும் விரல் விட்டு எண்ணினாள். நன்றாகத்தான் எண்ணினான். அரை மணி கழித்து மறுபடி வந்தாள். மறுபடி எண்ணினான். கொஞ்சம் குறைந்தது. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, பேசிக்கொண்டுதான் இருந்தான். அந்தப் பெண் தாளில் குறித்ததைப் பார்த்தாள், உடனே ஆட்களைக் கூப்பிட்டாள். மூச்சுக்குழாய் போட எல்லாம் தயாராகி, கட்டிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். ஒரு மணி நேரத்தில் அவனுக்குச் சொந்த மூச்சு இல்லை. மிஷின்தான் மூச்சு விட்டது.

அவன் கண் திறந்த அன்றைக்கு அந்தப் பெண்ணிடம், "இப்படித் திரும்பத் திரும்ப எண்ணச் சொல்லணும்னு யாருங்கம்மா சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டேன். "படிச்சதுதாங்கம்மா" என்றாள். "முன்னாடி ஒரு கட்டுரை வந்துச்சு, ஒரு தரம் எண்ணினா போதும்னு. அப்புறம் எழுதினவரே தப்புன்னு சொல்லி அதைத் திரும்ப எடுத்துட்டாரு. திருத்தி இன்னொண்ணு போட்டாங்க, அதைத்தான் நாங்க பண்றோம். பழசை நம்பியிருந்தா இந்த அண்ணனை வார்டுக்கு அனுப்பியிருப்பேங்க." எழுதினவர் என் பிள்ளை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன், அந்தப் பெண் பயந்திருப்பாள். மாதேஷ் பிழைத்தது எந்த ஆய்விதழிலும் வராது, உன் எண்ணிக்கையில் ஒன்றுகூட ஏறாது. காலையில் அவன் பால் ஊற்ற வரும்போது நான் மட்டும் அதை எண்ணிக்கொள்கிறேன்.

நீ ஆர்டர் வந்ததைச் சொன்ன மறுநாள் நான் ராணி வீட்டுக்குப் போனேன். இப்போது ஓடைக்கு இந்தப் பக்கம், ரோட்டோரமாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பிள்ளை காலேஜ் போயிருந்தாள். ராணி நாற்காலியை எடுத்துப் போட்டாள், நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சு ஆரம்பித்துவிடும் என்று நின்றுகொண்டே சொன்னேன். அன்றைக்கு நான் வரவில்லை, வந்ததாக எழுதினேன், பி.பி. பார்க்காமலே பார்த்ததாக எழுதினேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. இரண்டாம் முறை சொன்னேன்.

"அப்ப நீங்க வந்து பார்த்திருந்தா எனக்கு அந்த வலிப்பு வந்திருக்காதுங்களா?" என்று கேட்டாள்.

"தெரியாது ராணி. வராம இருந்திருக்கலாம்."

"எதுக்குங்க இப்ப வந்து சொல்றீங்க?" என்றாள். என் மகனுக்கு இப்படி ஒன்று நடந்தது, அவன் மறைக்கவில்லை என்று உன் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். கடைசியில், "பாப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க போயிட்டு வாங்க" என்றாள். அவ்வளவுதான். இன்னும் அவள் இந்தப் பக்கம் வரவில்லை. வந்தால் சந்தோஷம். வராவிட்டால் அது அவள் உரிமை, நான் குறை சொல்ல மாட்டேன். சாயங்காலம் உங்கப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

புதுக் கல்லூரியில் உனக்குக் கீழே நிறையப் பிள்ளைகள் வேலை செய்வார்கள். அவர்களுக்கும் ஒரு நம்பர் இருக்கும், மீட்டிங் இருக்கும். எழுந்து நிற்க வைக்காதே சாமி. நிற்க வைத்தால் என்னைப் போல எழுதுவார்கள். உன்னிடம் தப்பைக் கொண்டுவந்தால் பயமில்லை என்று அவர்களுக்கு முதல் வாரமே தெரியட்டும். உனக்கு நான் சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் நீ ஏற்கெனவே செய்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். உன்னை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமை என்று கேட்டால், அறுபத்து மூன்று வயதில் ஒரு வீட்டு வாசலில் நின்று, நான் எழுதியது பொய் என்று வாய் திறந்து சொன்னேன் அருள். அவ்வளவு பெருமை எனக்கு.

அம்மா